வியூஸ் வருது, இலை போட ஆள் வரலை: சாப்பாட்டுக் கடையின் சோஷியல் மீடியா எங்கே மக்கர் பண்ணுகிறது?

மதுரையில் எங்கள் குடும்பம் நடத்தும் மெஸ்ஸின் இன்ஸ்டாகிராம், கூகுள் மேப்ஸ், வாட்ஸ்அப் மூன்றையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மதியம் 12 மணி முதல் 4 மணி வரை சாப்பாடு. அயிரை மீன் குழம்பு, மட்டன் சுக்கா, நாட்டுக்கோழி. தெரிந்தவர்களின் கடைகள் சிலவற்றுக்கும் அவ்வப்போது உதவிக்குப் போவேன். "ரீச் போயிருச்சு, என்னன்னு பாரு" என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ரீச் என்றால் பதிவு எத்தனை பேரிடம் போய்ச் சேர்கிறது என்பது. போய்ப் பார்த்தால் பல நேரம் ரீச்சில் கோளாறே இருக்காது. போனில் பார்த்தவர் கடைக்கு வந்து உட்காருவதற்குள் வழியில் எங்கேயோ அறுந்திருக்கும். பெரும்பாலும் அந்த இடம் கடைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும்.

அதனால் விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் போடுவதற்கு முன் கல்லாவில் ஒரு நோட்டு வையுங்கள். நான்கு கட்டம் போடுங்கள்: இன்ஸ்டா, கூகுள், யாரோ சொன்னார்கள், போகிற வழியில் பார்த்தது. பில் கொடுக்கும்போது "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டு ஒரு கோடு. ஒரு வாரம் போதும். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அதற்கேற்ற கோளாறைக் கீழே பாருங்கள்.

வியூஸ் ஆயிரக்கணக்கில் வருகிறது, கடையில் கூட்டம் ஏறவில்லை

முதலில் பார்ப்பது யார் என்று பாருங்கள். உங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கு பிசினஸ் அல்லது கிரியேட்டர் கணக்காக இருந்தால் இன்சைட்ஸ் பகுதியில் பார்வையாளர்களின் ஊர் தெரியும். சென்னை, பெங்களூரு, துபாய் என்று வரிசையாக இருந்து மதுரை நாலாவதாக இருந்தால் காரணம் அதுதான். எண்ணெயில் மீன் பொரிகிற வீடியோ யாருக்கும் பிடிக்கும். எந்த ஊர்க்காரரும் நின்று பார்ப்பார். ஆனால் அவர் இன்றைக்கு மதியம் உங்கள் கடைக்கு வரப்போவதில்லை.

வெளியூர் பார்வை வீண் என்று சொல்லவில்லை. மதுரைக்குக் கோயிலுக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே கடைகளைக் குறித்து வைத்துக்கொள்வார்கள். அதற்கு வியூஸ் எண்ணிக்கையை விட்டுவிட்டு 'சேவ்' எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். சேவ் ஏறினால் அந்த வீடியோ வேலை செய்கிறது. பலன் பள்ளி விடுமுறையில் தெரியும்.

உள்ளூர் ஆட்களுக்குச் செய்ய வேண்டியது வேறு. வீடியோவின் முதல் மூன்று நொடிக்குள் எந்த ஊர், எந்தப் பகுதி என்று வாயால் சொல்லுங்கள், திரையிலும் எழுதுங்கள். லொகேஷன் டேக் போடுங்கள். விலை, நேரம் இரண்டும் வீடியோவுக்குள்ளேயே இருக்கட்டும்; கீழே எழுதியிருப்பதைப் பாதிப் பேர் திறப்பதே இல்லை. நாங்கள் ஒருமுறை சமையலே இல்லாமல் ஒரு வீடியோ எடுத்தோம். பஸ் ஸ்டாண்டு வாசலில் இறங்கி, டீக்கடையைத் தாண்டி, இடது பக்கச் சந்துக்குள் திரும்பி, கடை வாசலில் செருப்பைக் கழற்றுவது வரை 14 நொடி. வியூஸ் சுக்கா வீடியோவில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. ஆனால் அடுத்த வாரம் நோட்டில் இன்ஸ்டா கட்டத்தில் விழுந்த கோடுகள் அதற்கு முந்தைய மாதம் முழுக்க விழுந்ததைவிட அதிகம். "ஞாயித்துக்கிழமை இங்க போலாமா" என்று வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட வீடியோ அது.

இப்படி அனுப்பிக்கொள்வதற்கு இன்ஸ்டாகிராமும் மதிப்புக் கொடுக்கிறது. பார்க்கும் நேரம், லைக், பிறருக்கு அனுப்புவது ஆகிய மூன்றும் முக்கியம் என்றும், உங்களைப் பின்தொடராதவர்களிடம் வீடியோ போய்ச் சேருவதற்கு அனுப்புவது கூடுதலாக உதவும் என்றும் அதன் தலைவர் ஆடம் மொசேரி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஆகவே வீடியோ எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை யார் யாருக்கு அனுப்புவார்கள்?

"வந்து பார்த்தேன், பூட்டியிருந்தது"

இதைக் கேட்டால் இன்ஸ்டாகிராமை மூடிவிட்டு கூகுள் மேப்ஸைத் திறங்கள். என் அனுபவத்தில் சாப்பாட்டுக் கடைக்கு முதல் விளம்பரப் பலகை இதுதான். ரீல்ஸ் பார்த்து ஆசைப்பட்டவரும் கடைசியில் இங்கேதான் வந்து வழி தேடுகிறார்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு, சிவகாசியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று எங்கள் ஷட்டர் முன் நின்றது. ஆறு பேர், அதில் ஒரு பாட்டி. மேப்பில் 'இரவு 11 வரை திறந்திருக்கும்' என்று இருந்திருக்கிறது. நாங்கள் அப்படிப் போடவே இல்லை. வெளியாள் யாரோ 'திருத்தம் பரிந்துரை' கொடுத்து அது ஏறியிருந்தது. யார் வேண்டுமானாலும் உங்கள் கடையின் நேரம், போன் எண், முகவரிக்குத் திருத்தம் சொல்ல முடியும். அன்றைக்கு அந்தப் பாட்டிக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுக்க மட்டும்தான் எங்களால் முடிந்தது. அதிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் நேரத்தைச் சரிபார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

உங்கள் கணக்கில் இல்லாத வேறொரு போனை வாங்கிக் கடைப் பெயரைத் தேடுங்கள். மேப்பில் கடை இருக்கும் இடத்தைக் காட்டும் ஊசி உங்கள் வாசலில் குத்தியிருக்கிறதா, பின்தெருவிலா? பழைய பெயரில் இன்னொரு பக்கம் உயிரோடு இருக்கிறதா? இருந்தால் பாதி ரிவ்யூ அங்கே போய்க்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்று என்று கூகுளிடம் புகார் செய்து சேர்க்கச் சொல்லுங்கள். தீபாவளி, பொங்கல், சித்திரைத் திருவிழா நாட்களுக்குத் தனி நேரம் போடும் வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள். சித்திரைத் திருவிழாவில் தெருவையே அடைத்துவிட்டால் அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

அப்புறம், பக்கத்தின் உரிமை யார் கையில்? பக்கத்தை உருவாக்கித் தந்தவர் தன் ஈமெயிலிலேயே வைத்துக்கொண்டு வேலையை விட்டுப் போய்விட்ட கடைகள் ஏராளம். அப்படி இருந்தால் கூகுளிலேயே உரிமை கோரும் விண்ணப்பம் உண்டு. கிடைத்ததும் வீட்டு ஆள் ஒருவர் பெயரில் முதன்மை உரிமையை மாற்றிவிடுங்கள்.

"கூகுளில் முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறேன், மாதம் இவ்வளவு கொடுங்கள்" என்று போன் வரும். தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேர் அறிந்த கடை என்ற மூன்றையும் வைத்துத்தான் வரிசை அமைகிறது, காசு கொடுத்து அதை மாற்ற முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. கடை வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது, மெனு, புதுப் புகைப்படங்கள் எல்லாம் நம் கையிலேயே இருக்கின்றன. காசும் இல்லை.

விசாரிக்கிறார்கள், ஆர்டராக மாறவில்லை

மதியம் ஒன்றரை மணி. எங்கள் கல்லா டிராயருக்குள், பில் புத்தகத்துக்கும் சில்லறை டப்பாவுக்கும் நடுவில், கடை போன் சைலன்ட்டில் துடித்துக்கொண்டிருக்கும். மேலே ஒரு துண்டு வேறு. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் 19 மிஸ்டு கால். ரீல்ஸுக்காக நான் இரண்டு மணி நேரம் எடிட் செய்து கொண்டுவந்த ஆட்கள்தான் அந்த 19 பேரும்.

கூட்ட நேரத்தில் போன் எடுக்க ஆள் இல்லையென்றால் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பாதி வேலையை ஒப்படைத்துவிடலாம். மெனுவை விலையோடு அதன் கேட்டலாக் (பொருள் பட்டியல்) பகுதியில் ஏற்றுங்கள். "பார்சல் உண்டா", "ஏசி இருக்கா", "கார் நிறுத்த இடம் இருக்கா", திரும்பத் திரும்ப வரும் இந்தக் கேள்விகளுக்கு ஒரே தட்டில் அனுப்பக்கூடிய தயார் பதில்களைச் சேமித்து வையுங்கள். 4 மணிக்கு மேல் வருகிற செய்திக்கு, "இன்று சாப்பாடு முடிந்தது, நாளை 12 மணிக்குத் திறப்போம்" என்று தானாகப் போகட்டும்.

விலை கேட்டால் "டிஎம் பண்ணுங்க" என்று பதில் போடுவதை நிறுத்துங்கள். குடும்பத்தோடு கிளம்புகிறவர் மனக்கணக்குப் போட்டுவிட்டுத்தான் வருவார். விலை தெரியாத கடையை அவர் அப்படியே தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் வசதிதான் பிராட்காஸ்ட். பிராட்காஸ்ட் அனுப்பினேன், யாருக்கும் போகவில்லை என்பார்கள். ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரைதான். அதைவிட முக்கியம், உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். ஆகவே எண்ணைச் சேமிக்க வைப்பதுதான் வேலை. "அயிரை கிடைக்கிற அன்னைக்குக் காலைல சொல்றேன், நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்கண்ணே" என்று கல்லாவில் அப்பா சொன்னால் அங்கேயே போனை எடுக்கிறார்கள். அயிரை தினமும் வராது. அதனால்தான் அந்தச் செய்திக்கு மதிப்பு. கேட்காமல் ஆட்களைக் குரூப்பில் சேர்த்துவிடாதீர்கள். ஒருவர் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும், பெண்களுக்கு அது பெரிய தொந்தரவு.

ரீச் திடீரென்று விழுந்துவிட்டது

செட்டிங்ஸுக்குள் போவதற்கு முன் காலண்டரைப் பாருங்கள். அசைவக் கடைக்குப் புரட்டாசியில் எல்லாமே விழும். மாலை போடும் கார்த்திகை, மார்கழியிலும் அப்படித்தான். சுக்கா வீடியோ வந்தால் விரல் வேகமாகத் தள்ளிவிட்டுப் போகும். அது உங்கள் தவறும் இல்லை, இன்ஸ்டாகிராமின் சதியும் இல்லை. எங்கள் வீட்டிலேயே புரட்டாசிச் சனிக்கிழமை அடுப்பில் கவுச்சி ஏறாது. அந்த மாதத்தில் நான் காய்கறிச் சாப்பாடு, வத்தக்குழம்பு, மசாலா இடிப்பது, பழைய உரல் என்று போடுவேன். ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறுக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து மறுபடி சுக்கா.

காலண்டர் சரி என்றால், இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸில் 'அக்கவுன்ட் ஸ்டேட்டஸ்' என்ற பகுதி இருக்கிறது. உங்கள் பதிவுகளைப் புது ஆட்களுக்குப் பரிந்துரைக்க முடியுமா, ஏதாவது தடை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே சொல்லும். வேறு செயலியின் முத்திரை தெரிகிற வீடியோவை அப்படியே ஏற்றினாலும், பிறர் எடுத்ததைத் தூக்கிப் போட்டாலும் பரிந்துரை குறையும். சத்தம் மட்டும் போய்விட்டதென்றால் பாட்டு உரிமைப் பிரச்சினை. பிசினஸ் கணக்குகளுக்கு சினிமாப் பாட்டுகள் பலவும் கிடையாது. எனக்குப் பாட்டே வேண்டாம். இரும்புக் கல்லில் கரண்டி தட்டுகிற சத்தத்தை மிஞ்ச எந்தப் பாட்டும் இல்லை.

காசு கொடுத்து ஃபாலோயர்ஸ் வாங்கியிருந்தால் அதற்கு மருந்து இல்லை. அந்தக் கணக்குகள் சாப்பிட வராது, வீடியோவும் பார்க்காது. மெதுவாக நீக்கிக்கொண்டே வர வேண்டியதுதான்.

சாப்பாடு ருசியாக இருக்கிறது, வீடியோவில் சோர்ந்து தெரிகிறது

லென்ஸைத் துடையுங்கள். சமையலறையில் பத்து நிமிடம் நின்ற போனின் கண்ணில் எண்ணெய்ப் படலம் ஏறிவிடும், குழம்பு பனிமூட்டத்துக்குள் இருப்பது போலத் தெரியும். சட்டை முனையால் தேய்த்தால் படலம் பரவும். ஒரு சுத்தமான பருத்தித் துணியை அதற்கென்றே பையில் வையுங்கள்.

வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் டியூப் லைட்டின் வேலை. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். மஞ்சள் பல்பும் வெள்ளை டியூபும் கலந்து விழுந்தால் சோறு பச்சையாகத் தெரியும், ஒன்றை அணைத்துவிடுங்கள். இதைவிட நல்ல வழி, வாசலோரத்து மேசை. எங்கள் கடையில் பதினொன்றரை மணிக்கு வாசல் வழியாகச் சாய்ந்து வருகிற வெளிச்சத்தில் இலை போட்டால் வேறு எதுவும் தேவையில்லை.

அதிலும் ஒரு நேரம் இருக்கிறது. சோற்றுக் குவியலின் நடுவில் விரலால் குழி செய்து, அயிரைக் குழம்பை ஊற்றும்போது ஓரத்தில் நல்லெண்ணெய் சிவப்பாகப் பிரிந்து சோற்றுக்குள் இறங்கும். அதற்கு ஆறேழு நொடி ஆகும். அதற்கு முன் எடுத்தால் வெறும் சோறு, அதற்குப் பின் குழம்பின் மேல் ஆடை கட்டி மினுமினுப்புப் போய்விடும். ஊற்றுகிறவர் கை தயாரானதும் நீங்கள் ரெக்கார்டை அழுத்திவிட வேண்டும். இன்னொரு முறை ஊற்றச் சொல்லாதீர்கள். அந்தச் சாப்பாடு ஒருவருக்குப் போக வேண்டியது.

ஃபுட் விலாகர் வந்தார், இரண்டு நாள் கூட்டம், அப்புறம் திட்டு

சமையலறையின் அளவைப் பார்க்காமல் கூப்பிட்டதன் விளைவு இது. உங்களால் ஒரு மதியத்துக்கு 150 சாப்பாடுதான் முடியும் என்றால், 400 பேர் வந்த நாளில் 250 பேர் வெயிலில் நின்று திரும்பியிருப்பார்கள். அவர்கள்தான் ஒற்றை நட்சத்திரம் போடுகிறார்கள், அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதைவிட மோசம், பத்து வருடமாக வரும் வாடிக்கையாளருக்கு அன்று இடம் கிடைக்காமல் போவது.

வீடியோ வெளியாகும் நாளை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். எத்தனை மணிக்குத் தீரும் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அந்த வார இறுதி முழுக்க, சுக்கா தீர்ந்த நிமிடமே "இன்று சுக்கா முடிந்தது" என்று ஸ்டோரியிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடுங்கள். 1.40-க்குப் போட்ட அந்த ஒரு வரி சில குடும்பங்களின் பயணத்தை மிச்சப்படுத்தும்.

இலவசச் சாப்பாடு கொடுத்தாலும் அது விளம்பரம்தான். விளம்பரத் தரக் கவுன்சிலான ஆஸ்கி 2021-ல் வெளியிட்ட நெறிமுறையும், மத்திய அரசு 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்கின்றன. "கடைக்காரர் அழைப்பின் பேரில் வந்தேன்" என்று அவர் சொல்வதால் உங்கள் மதிப்பு ஒன்றும் குறையாது. என் கருத்தைக் கேட்டால், லட்சம் பேர் பின்தொடரும் வெளியூர்க்காரரைவிட, உங்கள் ஊரிலேயே ஐயாயிரம் பேர் பின்தொடரும் ஆள் மேல். அவர் மறுபடியும் வந்து சாப்பிடுவார்.

மோசமான ரிவ்யூ

அன்று சாயங்காலமே பதில் எழுதுங்கள், ஆனால் கோபம் ஆறிய பிறகு. "நீங்கள் வந்தது போலவே தெரியவில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். இப்படி எழுதினால் போதும்: "வணக்கம். நீங்கள் சொன்னதுபோல் ஞாயிறன்று குடலில் உப்புத் தூக்கலாகத்தான் இருந்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டோம். அடுத்த முறை வரும்போது கல்லாவில் சொல்லுங்கள், பார்த்துப் பரிமாறுகிறோம்." அந்தப் பதிலைப் படிக்கப்போவது அவர் மட்டுமில்லை, இன்று ராத்திரி உங்கள் கடையைத் தேடுகிற எல்லோரும்.

ரிவ்யூவை நீக்க முடியுமா? கெட்ட வார்த்தை, தொடர்பே இல்லாத விஷயம், போலிக் கணக்கு என்றால் கூகுளில் புகார் செய்யலாம். பிடிக்கவில்லை என்று சொன்னதற்காக நீக்க மாட்டார்கள். ஐந்து நட்சத்திரம் போட்டால் ஜூஸ் இலவசம் என்று போர்டு வைப்பது கூகுள் விதிப்படி தவறு. பணியாளர் வீட்டு ஆட்களை எழுத வைப்பதும் அப்படித்தான். ஒரே வாரத்தில் மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னால் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போங்கள். எங்களுக்கு அப்படி வந்தபோது புதிதாக வாங்கிய உப்பு பழையதைவிடப் பொடியாக இருந்தது. அதே கரண்டி அளவில் கூடுதலாக விழுந்திருக்கிறது.

பூஸ்ட் போட்டேன், காசு போனது

காசு கொடுத்துப் பதிவை அதிகம் பேருக்குக் காட்டும் வசதிதான் பூஸ்ட். அதில் எந்த ஊர் என்று மட்டும் கொடுத்திருப்பீர்கள். கடையின் மேல் ஊசியை வைத்து 4, 5 கிலோமீட்டர் வட்டம் போடுங்கள். வெள்ளி சாயங்காலம் தொடங்கி ஞாயிறு மதியம் முடியட்டும். புரொஃபைல் பார்வைக்குப் பதில் மெசேஜ் வருவதை இலக்காக வையுங்கள். விளம்பரக் கட்டணத்துக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன நேரம், ஊசி, போன் மூன்றும் சரியாகும் வரை பூஸ்ட் வேண்டாம்.

"உங்கள் பக்கம் நீக்கப்படும்" என்று மெசேஜ் வந்திருக்கிறது

காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் நீக்கம், இந்த லிங்க்கை அழுத்துங்கள் என்று வந்தால் அழுத்தாதீர்கள். கடவுச்சொல்லைத் திருடும் வழி அது. உண்மையான எச்சரிக்கை அக்கவுன்ட் ஸ்டேட்டஸில் தெரியும். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள், அதற்கான போன் எண் பணியாளருடையதாக இருக்க வேண்டாம்.

எல்லாம் புரிகிறது, செய்ய நேரமில்லை

கடை நடத்துகிறவர்களிடம் நான் அதிகம் கேட்டது இதைத்தான், நியாயமானதும் இதுதான். விடியற்காலை மார்க்கெட், அப்புறம் அடுப்பு, மதியம் கூட்டம். ரீல்ஸ் வாரம் ஒன்று இருந்தால் போதும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் தினமும் ஒன்று செய்யலாம். காலையில் அப்பா வாசலில் உள்ள கரும்பலகையில் சாக்பீஸால் அன்றைய ஐட்டங்களை எழுதுவார். 'இன்று' என்று மேலே ஒரு கோடு, கீழே சுக்கா, குடல், விரால், கிடைத்தால் அயிரை, பக்கத்தில் விலை. பதினொன்றே கால் மணிக்கு அதை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டா ஸ்டோரியிலும் போட ஒரு நிமிடம் ஆகும். நான் ஊரில் இல்லாத நாட்களில் அப்பாவே எடுக்கிறார். போட்டோ கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். ஆனால் பன்னிரண்டு மணிக்கு முன்பே "ரெண்டு அயிரை எடுத்து வைங்க" என்று பதில் வந்துவிடுகிறது.